எண்ணெய் காயும் நேரம்

ஏழாவது தடவை. மைக்கைப் பிடித்திருக்கும் அந்த மரியசூசை ஏழாவது தடவையாக என் மனைவியை அண்ணி என்கிறான். மூன்றாம் மாடி பால்கனியில் நிற்கிற எனக்கே ஒவ்வொரு அண்ணியும் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதென்றால் இந்தக் குடியிருப்பின் முப்பத்தாறு வீட்டுக்கும் கேட்டிருக்கும், உறையூர்க் கடைத்தெருவுக்கும் கேட்டிருக்கும். அண்ணி முன்னாடி வாங்க, அண்ணிக்கு ஒரு நாற்காலி போடுங்க, அண்ணிக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. எப்படித் தெரியும், யார் வீட்டில் வாழ்ந்ததால் தெரியும், அதையும் மைக்கிலேயே சொல்லித் தொலையேன். கீழே கார் நிறுத்தும் இடத்தில் சிவப்பு வண்டி நிற்கிறது. காக்கிச் சட்டையில் மரியசூசையோடு சேர்த்து நாலு பேர், நடுவில் ஒரு இரும்புத் தொட்டி, சுற்றிலும் எங்கள் குடியிருப்புக்காரர்கள். தீத்தடுப்பு செயல்விளக்கம், ஞாயிறு மாலை நான்கு மணி, அனைவரும் தவறாமல் வரவும் என்று போன வாரமே லிஃப்ட் கதவில் ஒட்டிவிட்டார்கள். எந்த நிலையத்திலிருந்து வருகிறார்கள் என்றும் போட்டிருந்தது. தமயந்தி அதைப் படித்தாள், இன்றைக்கு அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிப் புடவையை எடுத்துக் கட்டினாள். வாங்க சபா, சும்மா அரை மணி நேரம்தானே என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நீ போய்ட்டு வா, வாழைக்காய் வாடுது, பஜ்ஜி போட்டு வைக்கிறேன் என்றேன். மூன்றாவது தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். கூப்பிடவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்கிறது, மாவு கரைத்தாகிவிட்டது, காயும் சீவியாகிவிட்டது. எண்ணெய் காயும்வரை ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கலாமே என்றுதான் பால்கனிக்கு வந்தேன். எட்டாவது அண்ணி.

தெய்வசிகாமணி என்பது அந்த அண்ணனின் பெயர். தமயந்தியின் முதல் புருஷன். ஒன்பது வருஷம் அவளோடு குடித்தனம் செய்துவிட்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். இவர்களோடு அதே தீயணைப்பு நிலையத்தில் வேலை, ஆனால் தீயில் சாகவில்லை, மஞ்சள் காமாலை. தீயில் குதித்து நாலு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து செத்திருந்தால்கூட நான் விட்டுக்கொடுத்திருப்பேன், அது மாலை போட்டுக் கும்பிடுகிற விஷயம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கியிருப்பேன். கண் மஞ்சளாகி, சிறுநீர் மஞ்சளாகி, கீழாநெல்லி தின்று செத்த ஆள். என்னைப் போலச் சாகக்கூடிய ஆள். அதனால்தான் இந்தப் போட்டி ஓயமாட்டேன் என்கிறது. பொறாமை என்றே சொல்கிறேன், யாருக்கு வெட்கம், செத்த மனிதன்மேல் எனக்குப் பொறாமை. நாற்பத்தாறு வயதில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டவன் நான். அன்றைக்கே பெரிய மனது பண்ணி அவளிடம், பழைய வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு வருஷமாகக் கேட்கவும் இல்லை. அவளும் அவர் படத்தைக்கூட இந்த வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டாள். படம் வந்திருந்தால் ஒரு ஆணியோடு போயிருக்கும். படத்துக்குப் பதில் ஆளே வந்துவிட்டார். சமைத்து முடித்ததும் அடுப்புத் திருகை மூடினால் போதாதாம், சிலிண்டர் தலையிலும் மூட வேண்டுமாம். மூடிவிட்டு வாசல்வரை வருவாள், செருப்பை மாட்டுவாள், மூடினேனா சபா என்பாள், மறுபடி உள்ளே போய்த் தொட்டுப் பார்ப்பாள். செல்போன் சார்ஜரைக் கழற்றாமல் படுக்கமாட்டாள். இஸ்திரிப் பெட்டி ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வெளியே கிளம்புவதென்றால் பூவால் திரியைக் குளிரவைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் விளக்கைக் குளிரவைக்கிறாளே என்று என் அக்காவே மூக்கில் விரல் வைத்தாள். வழுக்கும் புடவை கட்டினால் அடுப்புப் பக்கம் போகமாட்டாள். கிரில் கதவுச் சாவி கைக்கெட்டும் ஆணியில்தான் தொங்க வேண்டும். கேஸ் குழாயில் அச்சடித்த வருஷத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பாள். சமையலறை நிலைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு உருளை, தீயணைக்கும் கருவி, கைக்குழந்தை உயரம் இருக்கும், மாதம் ஒருமுறை அதைத் துடைத்து வைப்பாள். இதெல்லாம் யார் பழக்கம் என்று யாராவது வந்து சொல்ல வேண்டுமா. என் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்குப் பக்கத்திலும் அந்த மனிதர் நிற்கிறார்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். எந்தப் புலம் எங்கே முடிகிறது, கல் எங்கே நட்டிருக்கிறது என்று கோடு போடுவதுதான் இருபது வருஷமாகப் பிழைப்பு. என் வீட்டில் எனக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று ஒரு கோடு போடத் தெரியவில்லை. பேர் விஷயத்தில் நானே தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கல்யாணமான மறுநாள் முற்போக்காக இருக்கிறேன் பேர்வழி என்று, என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு தமயந்தி, ஏங்க, இந்தாங்க எல்லாம் வேண்டாம் என்றேன். சிரித்தாள். கொஞ்ச நாள் தடுமாறினாள், அப்புறம் சபா என்று வந்தது, சபாநாதன் என்று முழுசாகச் சொல்லிக்கூடக் கிண்டல் செய்வாள். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒருநாள் ரேஷன் அட்டையில் பெயர் மாற்றப் போயிருந்தோம். முன்னாள் கணவர் பெயர் என்னம்மா என்றார் அந்த அதிகாரி. இவள் வாயைத் திறக்கவில்லை. பேர் தெரியாதவள்போல நின்றாள். பிறகு அவர் மேஜையிலிருந்தே ஒரு தாளை எடுத்து எழுதி, அவர் பக்கமாகத் தள்ளினாள். அதிகாரி உரக்கப் படித்தார், தெய்வசிகாமணி. இவள் தலையைக் குனிந்துகொண்டாள், கல்யாணமான புதிதில் பெண்கள் குனிவார்களே, அப்படி. செத்து நாலு வருஷமான பிறகும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். என் பேரை மளிகைக் கடையில் நின்று கத்துவாள், சபா, துவரம்பருப்பு அரைக்கிலோவா ஒரு கிலோவா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இனிமேல் என்னைப் பேர் சொல்லாதே என்று சொல்லலாமா என்று பார்த்தேன். எப்படிச் சொல்வது, என்ன காரணம் சொல்வது. நாக்கு நுனிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அதன்பிறகு ஒவ்வொரு சபாவும் எனக்கு ஒரு குட்டு. பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் சிநேகிதன், அண்டை வீட்டுக்காரன், கூடப் படித்தவன். பேர் சொல்லப்படாதவன்தான் புருஷன்.

ஒன்பதாவது அண்ணி. இப்போது அந்த இரும்புத் தொட்டியில் எண்ணெயை ஊற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள், குப்பென்று எழும்புகிறது, கூட்டம் பின்வாங்குகிறது. சமையல் எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்யணும், யாராவது சொல்லுங்க என்கிறான் மரியசூசை. தண்ணி ஊத்தணும் என்கிறது ஒரு குரல். எல்லாரும் அப்படித்தாங்க நினைக்கிறாங்க, தண்ணி மட்டும் ஊத்தவே கூடாது, ஊத்தினா எண்ணெய் தெறிச்சு வீடு முழுக்கப் பத்திக்கும். சட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுறதும் கூடாது, வழியில உங்க மேலயே கொட்டிக்குவீங்க. அடுப்பை அணைக்கணும், ஒரு மூடியை எடுத்து நம்ம பக்கத்துலேருந்து அந்தப் பக்கமாத் தள்ளி மூடணும், மூடினா மூடினதுதான், ஆறுற வரைக்கும் திறந்து பார்க்கவே கூடாது. இப்ப எங்க அண்ணி செஞ்சு காட்டுவாங்க. பத்து. தமயந்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறாள். நீளக் காம்பு வைத்த ஒரு தகரத் தட்டைக் கொடுக்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அவசரப்படாமல், தோசை திருப்புகிறவள்போல் தட்டைத் தள்ளுகிறாள், தீ காணாமல் போகிறது. எல்லாரும் கை தட்டுகிறார்கள். பார்த்தீங்களா, எங்க அண்ணன் வீட்டு ஆளாச்சே என்கிறான். அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. மேல்வரிசைப் பல்லெல்லாம் தெரிய, வாயைக் கையால் மூடாமல் சிரிக்கிறாள். என்னிடம் சிரிக்கும்போது கை வாய்க்குப் போய்விடும். அவர் வீட்டு ஆளாம். என் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாயிற்று, குடும்ப அட்டையில் என் பேர், கேஸ் இணைப்பு என் பேர், ஆள் மட்டும் அண்ணன் வீட்டு ஆள். இந்த நாலு காக்கிச் சட்டையும் என்னை எங்கேயாவது பார்த்தால் சார் என்பார்கள். போன பொங்கலுக்குக் கடைவீதியில் இதே மரியசூசை பார்த்தான், வணக்கம் சார் என்றான், ரொம்ப மரியாதையாக, தாசில்தாரிடம் பேசுகிறவன்போல. அண்ணி புருஷனை அண்ணா என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை, அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

நேராக ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் சமைக்கிறவன். இருபத்து மூன்று வருஷம் ஒண்டிக்கட்டையாக இருந்து எனக்கு நானே பொங்கித் தின்றவன். ஒரு மூடி கிடையாது, ஒரு சிவப்பு உருளை கிடையாது, சிலிண்டர் தலையை வாரத்துக்கு ஒருதரம்கூட மூடியதில்லை, என் வீடு என்ன எரிந்தா போயிற்று. என் பருப்புருண்டைக் குழம்பை அவள் அம்மாவே வாங்கிக்கொண்டு போவார். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு எல்லை இருக்குமானால் அது சமையலறைதான், அங்கே வந்தும் அவர் நிற்கிறார். இன்றைக்கு என்ன நடந்தது, நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருக்கிறேன், இவள் கிளம்பிப் போகிறவள் நேராகப் போக வேண்டியதுதானே, சமையலறைக்குள் வந்து, பெரிய வாணலி மூடியை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். எண்ணெய் வைத்தால் மூடி கூடவே இருக்க வேண்டும், அது அவள் சட்டம். லேசாக என் தோளைத் தொட்டாள் என்பதும் உண்மைதான். ஆனால் மூடிதான் எனக்குத் தெரிந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அந்த மூடியை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் பழைய குக்கருக்குப் பின்னால் வைத்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் ஸ்டூல்மேல் ஏறிச் செய்கிற காரியமா இது. அப்போது எனக்கு அது வெற்றியாக இருந்தது. போங்கய்யா, உங்கள் மூடியை எடுத்துக்கொண்டு என்றுகூட முணுமுணுத்தேன். கீழே அடுத்த வித்தை ஆரம்பித்தாயிற்று, சிலிண்டர் வாயில் தீயைப் பற்றவைத்து ஈரச்சாக்கால் மூடுகிறார்கள். தமயந்தி முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டம்மாவிடம் ஏதோ விளக்குகிறாள், கை இரண்டும் பேசுகின்றன. அவரைப் பற்றித்தான் சொல்கிறாளோ. என்னிடம் சொல்லாததையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்கிறாளோ. நான்தான் கேட்கமாட்டேன் என்று பெரிய மனிதனாட்டம் வாக்குக் கொடுத்தவன், கேட்காதவனிடம் எப்படிச் சொல்வாள். எண்ணெய் வாடை மேலே வருகிறது, இவர்கள் தொட்டியில் ஊற்றியது என்ன எண்ணெயோ, தொண்டையைக் கமறுகிறது. அணைந்து பத்து நிமிஷமாகியும் வாடை போகவில்லை பார். காற்று கீழே இருந்து மேலே அடிக்கிறதா. கொடியில் காயும் துண்டு ஆடவே இல்லை. காற்றே இல்லையே. சிறுதீயில்தான் வைத்தேன், சிறுதீயில் வைத்ததாகத்தான் ஞாபகம். வாடை என் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது.

கூடத்துச் சுவரில் மஞ்சளாக வெளிச்சம் அசைகிறது. சமையலறை நிலையில் நிற்கிறேன். வாணலி முழுக்கத் தீ, முழ உயரத்துக்கு, சத்தமே இல்லாமல், அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் காலண்டரின் கீழ்விளிம்பு சுருண்டுகொண்டிருக்கிறது. கை தானாகக் குடத்துக்குப் போகிறது, சொம்பில் தண்ணீரை மொண்டுவிட்டேன், தூக்கியும்விட்டேன், தண்ணி மட்டும் ஊத்தவே கூடாது. சொம்பைக் கீழே வைக்கிறேன், வைக்கும்போது அதைக் கவனமாக வைக்கிறேன், தரை நனையக்கூடாது என்பதுபோல. மூடி. மூடி பரணில். ஸ்டூல் தீக்குப் பக்கத்தில். காலண்டர் பற்றிக்கொண்டது. சிவப்பு உருளை என் இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, அதைத் தொடவில்லை, அது அவருடையது, வீடு எரிகிற நேரத்திலும் மனசு அதைச் சொல்கிறது, அது அவருடையது. பால்கனிக்கு ஓடி ஒரு குரல் கொடுத்தால் போதும். கீழே ஒரு வண்டி நிறைய ஆட்கள், தண்ணீர், குழாய், ஏணி. ஊரில் எந்த வீட்டில் தீப்பிடித்தாலும் வண்டி வந்து சேரக் கால் மணி நேரமாகும், என் வீட்டுக்கு ஏற்கெனவே வந்து நிற்கிறது. கூப்பிடுடா மடையா. கூப்பிட்டால் அண்ணன் ஆட்கள் படியேறி வருவார்கள், அண்ணி வீட்டுத் தீயை அணைத்துவிட்டு, சார் ஜாக்கிரதையா இருக்கணும் சார் என்பார்கள், அவள் எல்லாருக்கும் நடுவில் நின்று என்னைப் பார்ப்பாள். அதைவிட எரியட்டும். நிஜமாகவே நினைத்தேன், அதைவிட எரியட்டும் என்று. எவ்வளவு நேரம் நினைத்தேன் தெரியவில்லை, காலண்டர் கழன்று மேடைமேல் விழும்வரை நினைத்தேன். மேடையிலிருந்து கேஸ் குழாய்க்கு ஒரு சாண்தான். அந்தக் குழாயில்தான் அவள் மூக்குக்கண்ணாடி போட்டு வருஷம் படிப்பாள். அவள் நாளைக்கு நின்று காப்பி போடுகிற இடம் இது, அவள் நிற்கிற இடம். அதன்பிறகு கை வேலை செய்தது. அடுப்புத் திருகைத் திருப்பினேன், மணிக்கட்டு முடியெல்லாம் பொசுங்குகிற வாடை. காலண்டரைக் கரண்டியால் தள்ளிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போட்டேன். இட்லிப் பானை மூடி கண்ணில் பட்டது, அகலம் போதும், கைப்பிடித் துணியோடு பிடித்து, நம்ம பக்கத்துலேருந்து அந்தப் பக்கமா. தீயின் வெளிச்சம் போய்விட்டது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் உள்ளே என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமே எனக்கு, மூடியை ஒரு விரற்கடை தூக்கினேன், குப்பென்று நாக்கை நீட்டியது, விரல் நாலும் தீய்ந்தது. மறுபடி மூடினேன். இந்தத் தடவை திறக்கவில்லை. சிலிண்டர் தலையை மூடிவிட்டு, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

படியில் காலடி. லிஃப்டில் வரவில்லை, தீ என்றால் லிஃப்டில் ஏறக்கூடாதாம், அதுவும் ஒரு சட்டம், மூன்று மாடி ஓடி வந்திருக்கிறாள். புகையைக் கீழேயிருந்தே பார்த்திருக்க வேண்டும். வாசலில் அவள், பின்னாலேயே மரியசூசை. அவள் என்னைத்தான் முதலில் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை, அப்புறம்தான் அடுப்பை. திட்டவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் நீட்டினாள், தண்ணீர் பட்டதும் உயிர் போய் வந்தது. மரியசூசை சன்னலைத் திறந்தான், வாணலிப் பக்கம் குனிந்து பார்த்தான், சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தான். சரியாத்தான் சார் செஞ்சிருக்கீங்க, மூடியைத் தொடாதீங்க, தானா ஆறட்டும் என்றான். போகிறவன் போக வேண்டியதுதானே. அண்ணன் இருந்திருந்தா மெச்சியிருப்பாரு சார் என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல மனசோடுதான் சொன்னான், அது எனக்குத் தெரியும். கதவு சாத்தியதும் என் வாய் திறந்துகொண்டது, இரண்டு வருஷ வாக்கு அந்த நிமிஷத்தில் போயிற்று.

“அவர் கத்துக்குடுத்தபடியேதான் செஞ்சிருக்கேன். இப்ப திருப்தியா உனக்கு?”

“யாரு?”

“தெய்வசிகாமணி.”

அந்தப் பேரை இந்த வீட்டில் முதல்தடவையாக நான் சொல்கிறேன். தண்ணீரில் இருந்து என் கை விலகியது, அவள் மறுபடி இழுத்து வைத்தாள். கோபம் வரும் என்று பார்த்தேன், அழுவாள் என்று பார்த்தேன். அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அவங்க என்ன கத்துக்குடுத்தாங்க என்றாள். சிலிண்டர், சார்ஜர், மூடி, சிவப்பு உருளை என்று நான் அடுக்கினேன், ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழாயைக் கொஞ்சம் சிறிதாக்கினாள்.

“அவங்களா? ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பாங்க. வீட்டுல படுக்கையிலேயே பீடி பிடிச்சுட்டுத் தூங்கிருவாங்க, மெத்தையில ரெண்டு இடத்துல ஓட்டை. சிலிண்டரை ஒரு நாளும் மூடினதில்ல. நானும் மூடினதில்ல.”

பிறகு இது எப்போது வந்தது என்று கேட்டேன்.

“இங்க வந்தப்புறம். மொத வாரம், ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம். நீங்க சாப்புட்டுட்டு வாயைத் தொறந்துட்டுத் தூங்குறீங்க. பாத்துட்டே இருந்தேன். திடீர்னு பயம் வந்துருச்சு. ஒருத்தரைக் குடுத்தாச்சு, இன்னொரு தடவ என்னால ஆகாது சபா. எந்திரிச்சுப் போய் மூடினேன். அன்னைலேருந்துதான். அந்த செவப்பு உருளை நீங்க ஆபீஸ் போன அன்னிக்கு நானே கேட்டு விசாரிச்சு வாங்குனது.”

எனக்காக. அந்த ஒரு சொல் உச்சந்தலையிலிருந்து கால்வரை இறங்கியது. இஸ்திரிப் பெட்டி ஆறும்வரை உட்கார்ந்திருந்தது எனக்காக, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடியது எனக்காக, மூடியை வைத்துவிட்டுத் தோளைத் தொட்டது எனக்காக. இரண்டு வருஷமாக நான் பொறாமைப்பட்டது யார்மேல் என்றால் என்மேல். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, விரல் நாலும் காந்துகிறது, சமையலறைச் சுவர் கரியாகக் கிடக்கிறது, நான் சந்தோஷத்தில் நிற்கிறேன். சன்னல் வழியாகப் புகை மெல்ல வெளியேறுகிறது. கீழே வண்டியைக் கிளப்புகிறார்கள். அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், தோல் உரிந்திருக்கிறதா என்று. நன்றாக இருக்கிறது. இப்படியே நிற்கலாம். ஒன்பது வருஷம் அவர் படுக்கையில் பீடி பிடித்திருக்கிறார். பக்கத்தில் இவள் படுத்திருக்கிறாள். மெத்தை எரிந்திருக்கிறது, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. சிலிண்டர் திறந்தே கிடந்திருக்கிறது. இவள் எழுந்து போய் மூடவில்லை. மூடத் தோன்றவில்லை. என்னோடு இருக்கையில் மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறவளுக்கு அங்கே ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“அவர் இருந்தப்ப உனக்குப் பயமே வந்ததில்லையா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள், எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

“இல்ல. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன். ஆளு இப்படிப் பொசுக்குனு போயிருவாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாதே.”

தெரியாதே என்றாள், அது காதில் விழுந்தது, அதுதான் முக்கியம் என்றும் தெரிகிறது, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நல்ல புத்தியுள்ளவன் அதைத்தான் பிடித்துக்கொள்வான். ஆனால் என் மனசு அதற்கு முந்தைய சொல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்பது வருஷம், நெருப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பயமில்லாமல், வாயில் கை வைக்காமல், அடித்துப் போட்ட மாதிரி. அவள் விரல்களுக்கு மருந்து தடவுகிறாள், ஊதி ஊதித் தடவுகிறாள். ஒரு தடவைகூடவா என்கிறேன். அவள் தலையை நிமிர்த்தாமல், மருந்தின்மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, அதே குரலில் இல்ல என்கிறாள்.